நம்ம ஊர்க் காற்றுக்கு எந்த போர்டு?

கேள்வி: வணக்கம் மாஸ்டர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 44, எடை 84 கிலோ. தோஹாவில் வேலை பார்த்த காலத்தில் மூன்று வருடம் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) பழகினேன். எல்லாம் கிளப் போர்டுதான், சொந்தமாக எதுவும் இல்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். புதுச்சேரியில் என்னைப் போல மூன்று பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போகலாம், நமக்குள்ளேயே சின்னதாக ரேஸ் விடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். மகளுக்கு 13 வயது, 40 கிலோ. அவளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். என்னால் ஒரு போர்டுதான் வாங்க முடியும். சென்னையில் ஒருவர் பழைய மிஸ்ட்ரல் ஒன் டிசைன் இருக்கிறது, தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் இனி எல்லாம் ஃபாயில்தான் என்கிறார். இன்னொருவர் அகலமான குட்டை போர்டு வாங்கு, அதுதான் சுலபம் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: வணக்கம் சார். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் டேகர்போர்டு என்கிற இறக்கி ஏற்றும் பலகை உள்ள, பன்னிரண்டு அடி பக்கம் நீளமும் 220 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவும் உள்ள சாதாரண லாங்போர்டு ஒன்றை வாங்குங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் விண்ட்சர்ஃபர் எல்டி. கிடைக்காவிட்டால் கோனா ஒன் மாதிரி அதே வகையில் இன்னொன்று. குட்டை போர்டும், அடியில் இறக்கை வைத்துத் தண்ணீருக்கு மேலே எழும் ஃபாயிலும் உங்களுக்கு இப்போது வேண்டாம். மிஸ்ட்ரல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

போர்டைப் பார்ப்பதற்கு முன்னால் நம்ம ஊர்க் காற்றைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாடை தணிந்து வடகிழக்கிலிருந்து மெதுவாக வீசும், கடலும் அடங்கியிருக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை காலையில் இலை அசையாது. உச்சிவெயில் ஏறின பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று பிடிக்கும், சாயங்காலம் வரை நிற்கும். ஜூன் வந்துவிட்டால் கச்சான். காலையிலேயே மேற்கிலிருந்து சூடாக, விட்டுவிட்டு, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கடற்காற்று வருவதானால் நாலு மணிக்கு வரும், சில நாள் வராமலே போய்விடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல் சின்னம், ஆற்றில் வெள்ளம். அந்த மூன்று மாதத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

ஆக, உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் கிடைக்கிறவருக்குப் பெரும்பாலும் அமைவது 6 முதல் 12 நாட் காற்று. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், அப்படியானால் 11 முதல் 22 கிலோமீட்டர் வேகம். கரையில் நின்று பார்த்தால் தண்ணீரில் சின்னச் சின்ன மடிப்பு தெரியும், வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும், அவ்வளவுதான். இந்தக் காற்றில்தான் போர்டுக்குப் போர்டு வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். அகலமான குட்டை போர்டு பிளேனிங் ஆவதற்காகச் செய்யப்பட்டது, அதாவது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போவதற்கு. உங்கள் எடைக்கு ஏழரை சதுர மீட்டர் பாய் கட்டினாலும் பதினொன்று, பன்னிரண்டு நாட் நிலையாக அடித்தால்தான் அது எழும். அதற்குக் கீழே அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நகரும் ஒரு கதவு மாதிரி. லாங்போர்டு அப்படி இல்லை. பிளேன் ஆகாமலே நன்றாக ஓடும்படி அதன் உடம்பு அமைந்திருக்கிறது. தண்ணீரைக் கிழித்து ஓடும் எந்தக் கலத்துக்கும் வேக எல்லை அதன் நீளத்தைப் பொறுத்தது. பன்னிரண்டு அடிக்கு ஏறக்குறைய நாலரை நாட், எட்டு அடிக்கு நாலுக்கும் கீழே. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். குட்டை போர்டு அந்த எல்லையைத் தொடுவதற்கே திணறும், நீளமானது ஒரு சின்னக் காற்றிலேயே அதை எட்டிவிடும், தண்ணீரில் பார்க்கும்போது அதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

இதைவிட முக்கியம் டேகர்போர்டு. போர்டின் வயிற்றில் ஒரு நீள ஓட்டை, அதில் காலால் தள்ளி இறக்கவும் ஏற்றவும் முடிகிற ஒரு பலகை. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது போர்டு சறுக்கிப் போகாமல் இது பிடித்துக்கொள்கிறது. அதனால் சின்னக் காற்றிலும் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏற முடிகிறது. நம் கரைக்கு இது புதிதில்லை. கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன காலத்தில் பக்கத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடிப்பார்கள், பழைய ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். வேலை அதே வேலை.

டேகர்போர்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நானே பட்டிருக்கிறேன். ஒரு ஜூலை மாதம், காலை எட்டு மணி, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கரையிலிருந்து பின்னால் ஒரு ஃபின் (மீன் துடுப்பு மாதிரி அடியில் நிற்பது) மட்டும் உள்ள அகலமான போர்டில் இறங்கினேன். கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, போர்டு எழுந்து பறந்தது, கரையைத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போனேன். ஒன்றரை கிலோமீட்டர் போயிருப்பேன், காற்று பாதியாகக் குறைந்தது. நின்றுபோகவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். அந்தப் பாதிக் காற்றில் அந்த போர்டு கரைப்பக்கம் ஏறவே மறுத்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முன்னால் பார்த்த தென்னந்தோப்பு இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடிவிட்டுப் பாயை விட்டுவிட்டு போர்டில் உட்கார்ந்திருந்தேன். வலை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகில் இருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்துவந்து கரையில் விட்டார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை, அந்த நேரத்தில் வெளியே போகாதே தம்பி என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்கு என் காலடியில் ஒரு டேகர்போர்டு இருந்திருந்தால் அந்தப் பாதிக் காற்றே போதும், அரை மணியில் கரைக்கு வந்திருப்பேன். உங்கள் மகளும் ஏறப்போகும் போர்டு என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, எல்டி ஏன்? 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாய்ல் ஷ்வைட்ஸர் என்று இரண்டு பேர் சேர்ந்து பாயை எந்தப் பக்கமும் சாய்க்க முடிகிற மூட்டு ஒன்றை போர்டில் வைத்து, 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் அந்தப் பொருளுக்கு வைத்த பெயர்தான் விண்ட்சர்ஃபர். எல்டி அந்தப் பழைய போர்டையே இன்றைய பொருளில், எடை குறைத்துச் செய்தது. நீளம் 366 சென்டிமீட்டர், அகலம் 74, கொள்ளளவு 226 லிட்டர், எடை 15 கிலோ பக்கம், பாய் 5.7 சதுர மீட்டர். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் அது பழம்பெருமை என்பதால் இல்லை. அந்த 74 சென்டிமீட்டர்தான் காரணம். கற்றுக்கொள்கிறவர் நிற்கும் அளவுக்கு அகலம், ரேஸில் தண்ணீரை இழுக்காத அளவுக்கு ஒடுக்கம். இரண்டும் ஒரே போர்டில் வேண்டும் என்பதுதானே உங்கள் கேள்வி?

கொள்ளளவு விஷயத்தை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நீங்கள் 84, போர்டு 15, பாய், அதைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் கம்பியான பூம் எல்லாம் சேர்த்து 10, மொத்தம் 109. 226-ல் 109 போக 117 மிச்சம். அதாவது உங்கள் மகளையும் ஏற்றிக்கொண்டாலும் இன்னும் 77 லிட்டர் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. இதை நான் கணக்குக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அவள் மாஸ்டுக்கு அருகில் நின்று சின்னப் பாயைப் பிடிக்கட்டும், நீங்கள் பின்னால், டேகர்போர்டுக்கும் வாலுக்கும் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து எடையை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பாயைத் தூக்கும்போது அவள் பின்பக்கம் விழப்போவதை உங்கள் முழங்காலிலேயே உணர முடியும். முதல் நாலைந்து நாளைக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

ஆனால் அவளுக்கென்று தனிப் பாய் வேண்டும். உங்கள் 5.7-ஐ அவளால் தண்ணீரிலிருந்து தூக்க முடியாது, முதுகு பிடித்துக்கொண்டால் அத்தோடு ஆசை போய்விடும். மூன்றரை, நாலு மீட்டரில் லேசான சிறுவர் பாய் ஒன்று, அதற்கேற்ற மெல்லிய மாஸ்டும் சின்ன பூமும், இவை போதும். போர்டு ஒன்று, பாய் இரண்டு. இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் போட்டியில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் டெக்னோ 293 என்கிற இளையோர் போர்டு பக்கம் போகலாம். அது 293 சென்டிமீட்டர் நீளம், 205 லிட்டர், பதினைந்து வயதுக்குள் என்றால் 6.8 பாய், பதினேழுக்குள் 7.8. அதிலும் டேகர்போர்டு உண்டு. அது அவளுக்கு, உங்களுக்கு இல்லை. 84 கிலோவை வைத்துக்கொண்டு எட்டு நாட் காற்றில் அது உங்களுக்குச் சுமைதான்.

இப்போது மிஸ்ட்ரல். அது சாதாரண போர்டு இல்லை. 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடிய போர்டு. 372 சென்டிமீட்டர் நீளம், 63.5 அகலம், 7.4 பாய். சின்னக் காற்றில் மேலே ஏறுவதில் எல்டியைவிடவும் கூர்மை. நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், மூன்று வருடப் பழக்கம் உள்ளவர் என்பதால், நல்ல நிலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அந்த 63.5-ல் உங்கள் மகள் நிற்பதற்கு நிறைய நாள் ஆகும். எல்டியைவிடப் பத்து சென்டிமீட்டர் குறைவு என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை, தண்ணீரில் பாதத்துக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்று வயது. 2004-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆர்எஸ்:எக்ஸ் என்கிற வேறு போர்டு வந்துவிட்டது, ஆகவே உங்களுக்கு வரும் மிஸ்ட்ரல் அநேகமாக இருபது வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கும். டேகர்போர்டு ஓட்டையின் ரப்பர், மாஸ்டை முன்னும் பின்னும் நகர்த்தும் மாஸ்ட் டிராக், அதன் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்கள் தேய்ந்தால் மாற்றுவதற்கு அலைய வேண்டும்.

அப்படியும் விலை ரொம்பக் குறைவு, விட மனசில்லை என்றால் போய்ப் பாருங்கள். ஆனால் கையில் ஒரு எடை மெஷினோடு போங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். போர்டைத் தலைகீழாகச் செங்குத்தாக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, ஃபின், டேகர்போர்டு எல்லாம் எடுத்துவிட்டு எடை போடுங்கள். 15, 16 கிலோ இருந்தால் பரவாயில்லை. 18-க்கு மேல் போனால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இருக்கும் தெர்மோகோல் மாதிரியான பொருள் ஒரு தடவை தண்ணீர் குடித்தால் லேசில் விடாது. நான் ஆரம்பத்தில் ஒரு பழைய லாங்போர்டை மேல்பூச்சைப் பார்த்து மயங்கி, எடை போடாமல் வாங்கிவிட்டேன். பளபளவென்று புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார் விற்றவர். வீட்டுக்கு வந்து காற்றுத் திருகைக் கழற்றி போர்டைச் சாய்த்து வைத்தால் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எடை 21 கிலோ. அந்தப் பெயின்ட் எதற்கு அடித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

எடைக்குப் பிறகு கட்டைவிரல். நிற்கிற இடம், மாஸ்ட் பொருந்துகிற இடத்தைச் சுற்றி, குதிகால் படுகிற இடம் எல்லாம் அழுத்திப் பாருங்கள். எங்காவது அமுங்கி மறுபடி எழும்பினால், அல்லது தட்டும்போது மற்ற இடத்தில் டக் டக் என்பது அங்கே மட்டும் பொத் என்று கேட்டால் மேல்தோல் உள்ளிருந்து பிரிந்துவிட்டது. அப்புறம் டேகர்போர்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் கீறல் இருக்கலாம், விரிசல் இருக்கக் கூடாது. பழைய போர்டில் தண்ணீர் நுழைவது முக்கால்வாசி அந்த விரிசல் வழியாகவும் மாஸ்ட் டிராக்கின் திருகுகள் வழியாகவும்தான்.

காற்றுத் திருகு என்று சொன்னேனே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்டின் மேல்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், உள்ளிருக்கும் காற்று விரிந்தால் வெளியேற வழி அது. நம்ம ஊர் மே மாத வெயிலில் காரின் மேலே கட்டிவைத்துவிட்டு மணிக்கணக்கில் விட்டால் உள்காற்று விரிந்து போர்டையே உப்ப வைத்துவிடும், தோல் பிரிந்துவிடும். எடுத்துப் போகும்போதும் வீட்டில் வைத்திருக்கும்போதும் தளர்த்தி வையுங்கள், தண்ணீரில் இறங்குவதற்கு முன் மறக்காமல் இறுக்குங்கள். மறக்காமல் இருக்க ஒரு வழி, தளர்த்தியவுடன் பூமில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுவது. என் மாணவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் பழக்கியிருக்கிறேன். சில போர்டுகளில் தானாக மூச்சு விடும் அடைப்பு இருக்கும், அதற்கு இந்த வேலை இல்லை. எது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபாயில் பற்றி நண்பர் சொல்வது பொய் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடியது ஐக்யூஃபாயில், எட்டு பத்து நாட் காற்றிலேயே தண்ணீருக்கு மேலே எழுந்து பறக்கிறது, பார்க்கவே அழகு. ஆனால் அதற்குக் கீழே தொங்கும் தண்டு மட்டும் 95 சென்டிமீட்டர். அதன் கீழே இறக்கை. உப்பனாற்றிலும் சுண்ணாம்பாற்று முகத்திலும் மணல்திட்டு இன்றைக்கு ஒரு இடத்தில், அடுத்த மாதம் இன்னொரு இடத்தில். தரையில் முட்டினால் நீங்கள் முன்னால் பறப்பீர்கள். கடலில் போனால் வலை. வலை விரித்திருக்கும் இடத்தில் அந்த இறக்கை மாட்டினால் உங்களுக்கும் ஆபத்து, வலைக்காரருக்கு அன்றைய பிழைப்பும் போச்சு. இங்கே டேகர்போர்டின் அருமை மறுபடியும் தெரியும். வலையின் மிதவை கண்ணில் பட்டவுடன் காலால் ஒரு தள்ளு, பலகை உள்ளே போய்விடும், பின்னால் ஃபின் மட்டும்தான். அந்த ஃபினையும் நேராக இறங்குவதாக இல்லாமல் பின்னால் சாய்ந்ததாகப் போட்டுக்கொண்டால் பாசியும் கயிறும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

டேகர்போர்டுக்கு ஒரே ஒரு தொல்லை உண்டு, நம்ம கரையில் அது கொஞ்சம் அதிகம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அலை கரையிலேயே மடிந்து விழும் நாட்களில் மணலும் கிளிஞ்சல் துண்டுமாகக் கலங்கியிருக்கும். போர்டைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடத்தில் ஒரு அலை வந்து அந்த ஓட்டைக்குள் ஒரு பிடி மணலைத் திணித்துவிடும். வெளியே போய்க் காலால் தள்ளினால் இறங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தால் மேலே இருக்கும் கைப்பிடி உடையும். உதைக்காதீர்கள். போர்டில் குப்புறப் படுத்து, பலகையை விரல் அளவு மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் உள்ளே போய்வந்து மணலைக் கழுவிக்கொண்டு போகும். இரண்டு நிமிடம் ஆகும். இறங்கும்போதே டேகர்போர்டு முழுக்க உள்ளே இருக்கும்படி வைத்து, இடுப்பளவு தண்ணீர் வந்தபின் இறக்கினால் பாதித் தொல்லை வராது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அந்த ஓட்டையைத்தான் முதலில் கழுவுங்கள், பிறகுதான் பாய். மாஸ்டின் அடியில் இருக்கும் ரப்பர் மூட்டையும் வளைத்துப் பாருங்கள், வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கடலில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம்.

பாய் ஆரம்பத்தில் 5.7 ஒன்றே போதும். உங்கள் எடைக்கு ஏழு நாட் காற்றில் இன்னும் பெரியது வேண்டும் என்று தோன்றும், அப்போது கேம்பர் (பாயின் வளைவைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் துண்டு) இல்லாத ஏழரை ஒன்று பிறகு வாங்கலாம். பாயின் அடியில் லஃப் (மாஸ்டை ஒட்டிய விளிம்பு) நீளமும் மாஸ்ட் அளவும் அச்சிட்டிருக்கும், இருக்கும் மாஸ்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏழரைக்குப் பெரும்பாலும் 460 சென்டிமீட்டர் மாஸ்ட் கேட்கும்.

ரேஸ் பற்றி ஒரு விஷயம், இது உங்கள் மூன்று நண்பர்களுக்கும் சேர்த்து. நாலு பேரும் ஒரே போர்டு, ஒரே அளவு பாய் வாங்குங்கள். ஆளுக்கொரு போர்டு என்றால் ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்தது ஆளா போர்டா என்கிற வழக்கிலேயே போய்விடும், அதற்கு நேரக் கழிவு, கணக்கு என்று இறங்கினால் ஆசையே விட்டுப்போகும். ஒரே போர்டு என்றால் காற்றை யார் முதலில் பார்த்தார், யார் சரியான இடத்தில் திரும்பினார் என்பது மட்டும்தான் மிச்சம். உங்களில் ஒருவர் 60 கிலோ, ஒருவர் 90 என்றால் சின்னக் காற்றில் ஒல்லியானவருக்குச் சாதகம்தான், எல்டி போட்டிகளிலேயே அதனால்தான் எடைப் பிரிவு வைக்கிறார்கள். நாலு பேருக்குள் அதெல்லாம் வேண்டாம், அடுத்த ஞாயிறு காற்று கூடும்போது கனமானவர் பழி வாங்கிக்கொள்ளட்டும்.

பாதை போட இரண்டு பழைய இருபது லிட்டர் கேன், கயிறு, கல். ஒன்றைக் காற்று வரும் திசையில் முந்நூறு மீட்டர் தள்ளி, இன்னொன்றைப் புறப்படும் இடத்தில். மேலே ஏறி, சுற்றி, கீழே இறங்கி, இரண்டு சுற்று. ஏறும்போது மாஸ்டை முன்னால் நகர்த்தி, டேகர்போர்டு முழுக்கக் கீழே. காற்று பத்து நாட் தாண்டினால் போர்டு காற்று போகிற பக்கத்து விளிம்பின் மேல் சாய்ந்து ஓடும், அப்படியே ஓட விடுங்கள், அதுதான் லாங்போர்டின் ருசி. கேனைச் சுற்றியவுடன் டேகர்போர்டு மேலே, மாஸ்ட் பின்னால். அதைக் கீழேயே விட்டுவிட்டுக் காற்றோடு ஓடினால் அது போர்டைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். இந்த மாற்றம் கைகால் பழகுகிற வரை கடைசியாக வருவீர்கள், பழகின பிறகு அங்கேதான் ஆளைத் தாண்டுவீர்கள். இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் யார் வழிவிடுவது என்பதற்கு ஒரு விதி போதும். யாருடைய வலது கை மாஸ்டுக்கு அருகில் இருக்கிறதோ அவருக்குத்தான் வழி, மற்றவர் ஒதுங்க வேண்டும். உலகம் முழுக்க அதே விதிதான்.

எங்கே இறங்குவது? முதல் மாதம் ஆற்றுமுகத்திலேயே இருங்கள், கடலில் அலையை உடைத்துக்கொண்டு பன்னிரண்டு அடி போர்டைக் கொண்டு போவது தனிப் பழக்கம். கடலூர்ப் பக்கம் சிப்காட் ஒட்டிய உப்பனாற்றில் மட்டும் இறங்காதீர்கள், மகளை அழைத்துக்கொண்டு கண்டிப்பாக வேண்டாம், அந்தத் தண்ணீர் சரியில்லை. சுண்ணாம்பாற்றுப் பக்கம் போவதானால் படகுக் குழாம் படகுகள் போகும் வழியை விட்டு, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வற்றம் இறங்கும்போது ஆற்றுமுகம் கடலுக்கு இழுக்கும், அந்த நேரத்தில் முகத்துக்கு அருகில் ரேஸ் வேண்டாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், துறைமுக வாயில் ஓய்ந்திருக்கும், கடற்காற்றும் அப்போதுதான் நன்றாக இருக்கும். சின்னப் படகுகள் வலை போடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலு பேருக்கும் வருடத்தில் நல்ல இரண்டு மாதம் அதுதான். ஜூன் பாதிக்கு மேல் கச்சான் காலையில் கடலுக்குப் போகவே போகாதீர்கள், என் கதையைப் படித்துவிட்டீர்கள். லைஃப் ஜாக்கெட், விசில் எப்போதும். என்ன ஆனாலும் போர்டை விட்டு நீந்தக் கூடாது என்பதை மகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

போர்டு வைக்க இடம் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். ஒரு ஸ்விஃப்ட் காரின் நீளத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரு சாண்தான் வித்தியாசம், மாடிப்படி வளைவில் திரும்பாது. தேவனாம்பட்டினத்திலேயே கரைக்கு அருகில் யாராவது ஒரு ஷெட்டில் நிழலில் வைக்க இடம் கொடுத்தால் மாத வாடகை கொடுத்தாவது வையுங்கள், ஒவ்வொரு வாரமும் கட்டி அவிழ்த்து ஏற்றி இறக்குவது இருந்தால் மூன்றாவது மாதம் போகத் தோன்றாது. புதிது வாங்குவதானால் நாலு பேரும் சேர்ந்து ஒரே தடவையாக வரவழையுங்கள், இவ்வளவு நீளப் பெட்டி ஒன்றுக்கும் நாலுக்கும் கொண்டுவரும் கூலியில் ஆளுக்கு நிறையவே மிச்சமாகும்.

மிஸ்ட்ரலைப் போய்ப் பார்க்கிறீர்கள் என்றால் எடை எவ்வளவு காட்டியது என்பதையும், டேகர்போர்டு ஓட்டைக்குள் எடுத்த ஒரு போட்டோவையும் அனுப்புங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.